பெட்டிக்குள் வைக்கும் நாலு வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்தது இல்லை. ஒரு பரிசுப் பெட்டிக்குள் வைக்க நாலு வரி அட்டை எழுதச் சொன்னார்கள். நாலு வரி நாற்பதாகி, நோட்டில் பாதி தீர்ந்து, இப்போது உங்கள் கையில் இருக்கிறது. தப்பு என்னுடையதுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விஷயம் இது. என் மருமகள் வீட்டிலேயே தின்பண்டம் செய்து, பெட்டியில் அடுக்கி விற்கிறாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சங்கதி உண்டு. புதுவீடு போகிறவர்களுக்கு ஒன்று. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்று. அதில் எல்லாமே ஒரு கையால் எடுத்துத் தின்னக்கூடியது, மறு கையில் புத்தகம் இருக்குமாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு ஒன்று; உப்புக் குறைவு, சர்க்கரை குறைவு, சந்தோஷமும் குறைவு. எல்லாவற்றிலும் ஒரு அட்டை வைப்பாள். அதில் அந்தப் பெட்டியின் கதை இருக்கும். “அன்பு மணக்கும் எங்கள் அடுப்படியிலிருந்து” என்று ஆரம்பிக்கும். எங்கள் அடுப்படியில் என்ன மணக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பாதி நாள் வெண்ணெய், மீதி நாள் புருஷன் பெண்டாட்டி சண்டை.

“ஏம்மா இப்படிப் பொய் எழுதுற?” என்று கேட்டேன்.

“அப்ப நீங்களே எழுதுங்க மாமா. உண்மையா எழுதுங்க பாப்போம். நாலு வரி போதும். ஆனா ‘நான்’னு எழுதக் கூடாது. ‘அவர்’னு எழுதணும். கார்டுன்னா அதான் மரியாதை.”

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மரியாதை எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஆகவே இனிமேல் ‘அவர்’. அவர் யார் என்றால், பெட்டி கட்டுகிறவர், பெட்டிக்காரர். அது நான்தான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்துகொள்வோம்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே மூன்று தாள் போனது.

*பெட்டிக்காரருக்கு எழுபத்திரண்டு வயது.* வயதில் ஆரம்பித்தால் பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

*அன்று வெளியே மழை.* இல்லை. நல்ல வெயில்.

*அந்தக் குரலைக் கேட்டதும் பெட்டிக்காரரின் கையிலிருந்த கயிறு நழுவி* (இங்கே நிறுத்திவிட்டேன். கயிறு நழுவவில்லை. முப்பத்திநாலு வருஷம் கண்ணாடிச் சாமான் கட்டிய கை அது. அதிலிருந்து கயிறு நழுவாது. முடிச்சுப் போட வந்த கை அப்படியே நின்றது, அவ்வளவுதான்.)

சரி, நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி. மருமகள் சமையல் மேடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு, அதனால் போனை முழங்கையால் தட்டி, வந்திருந்த குரல் பதிவைச் சத்தமாக ஓடவிட்டாள். பெட்டிக்காரர் கதவோரம் உட்கார்ந்து புதுவீட்டுப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கண்ணு, நல்லா இருக்கியாம்மா? உன் பெட்டியப் பத்தி பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு. எனக்கும் ஒண்ணு வேணும். எங்க அம்மா சமையக்கட்டுல இருந்ததெல்லாம் ஒரே பெட்டியில. அஞ்சு சாமான். எழுதிக்கிறியா? அட, இது பேசிப் பதிவு பண்றதாச்சே, நீ எங்க பதில் சொல்லப்போற. எழுதிக்கிட்டன்னே வெச்சுக்கிறேன்.”

மருமகள் சிரித்தாள். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை.

“ஒண்ணு, ஆரஞ்சுத் தோல் ஜாம். தோல் பல்லுல கடிபடணும், மைய அரைச்சுடாத. ரெண்டு, சர்க்கரைப் பாகுல போட்ட கடலை, கட்டியா ஒட்டிக்கிட்டு, கையால உடைக்கிற மாதிரி. மூணு, வெயில்ல காஞ்ச ரஸ்க். நாலு, எலுமிச்சம்பழச் சர்பத், பாட்டில் மூடியில பேப்பர் சுத்தி அடைச்சு. அஞ்சாவதுதான் முக்கியம். பிஸ்கட். ஓரம் கருகி இருக்கும். எங்கம்மா அடுப்பு அப்படி. ஆனா அதுல ஒரு வாசனை இருக்கும்மா. ஏலக்காயும் இல்ல, கிராம்பும் இல்ல. நானும் முப்பது வருஷமா எதை எதையோ போட்டுப் பாத்துட்டேன். வரல. உனக்கு வருதா பாரேன்.”

மருமகள் கையைத் துடைத்துவிட்டு, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுப் பதிவு போட்டாள். உடனே பதில் வந்தது.

“எனக்குத்தான் கண்ணு. அறுபத்திமூணு வயசாச்சு, எனக்கு யாரு பெட்டி கட்டி அனுப்பப்போறா? நானே எனக்குக் குடுத்துக்கிறேன். சிரிக்காத. அப்புறம், கார்டுல என்ன வேணா எழுதிக்கோ, அம்மா குடுத்து அனுப்பின மாதிரி மட்டும் எழுதிடாத. அவங்க எனக்குக் குடுத்திருக்க மாட்டாங்க.”

அந்தக் குரல் பெட்டிக்காரரின் தங்கையுடையது. பத்தொன்பது வருஷமாக அவர் அதைக் கேட்கவில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம். மாமனாருக்குத் தங்கை ஒருத்தி உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. பெட்டி கட்டுகிறவர் யார் என்று தங்கைக்கும் தெரியாது.

(இந்த இடத்தில் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். எத்தனையோ பேர் தின்பண்டம் விற்கிறார்கள், இங்கேதான் வந்து கேட்டாளா என்று நினைப்பேன். என்ன செய்வது, கேட்டாள். நம்பாதவர்கள் ஐந்தாவது சாமானை மட்டும் நம்பினால் போதும்.)

3

மருமகள் பிடிவாதக்காரி. பெரிய பெட்டி அனுப்புவதற்கு முன்னால் பிஸ்கட்டை மட்டும் நாலு நாலாகச் செய்து ருசி பார்க்க அனுப்பினாள்.

முதல் தடவை பட்டை போட்டாள். “நல்லா இருக்கு கண்ணு. ஆனா இது இல்ல.”

இரண்டாம் தடவை சோம்பை வறுத்துப் பொடி பண்ணிப் போட்டாள். “இதுவும் நல்லா இருக்கு. எம் பேரன் ஒத்த ஆளா தின்னுட்டான். ஆனா இது இல்ல.”

மூன்றாம் தடவை மாவையே வறுத்துச் செய்தாள். அன்றைக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

“விட்டுரும்மா. அந்த வாசனை அம்மாவோடயே போயிடுச்சு போல. இதையே அனுப்பிடு. நீ பாவம், எவ்வளவுதான் செய்வ.”

மருமகள் முகம் தொங்கிப்போயிற்று. “தோத்துட்டேன் மாமா” என்றாள்.

பெட்டிக்காரர் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாவில் எதைப் போட்டாலும் அது வராது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். அந்த வாசனை மாவில் இருந்ததே இல்லை.

அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று உயிரோடு இருக்கிறவர்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது தங்கைக்கும் தெரியும். எப்படி என்று தெரியாவிட்டாலும், வந்தால் யார் கையிலிருந்து வரும் என்று தெரியும். டின்னைத் திறந்து அந்த வாசனை வந்தால், பெட்டி கட்டியது அண்ணன் என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அனுப்ப அவளுக்கு உரிமை உண்டு. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

(பிறகு சொல்கிறேன் என்பது தள்ளிப்போடுவதுதான். எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிறார்கள் போலிருக்கிறது. சுலபமாகத்தான் இருக்கிறது.)

4

அப்பா தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்தார். தேயிலை வந்து இறங்கும் மரப்பெட்டிகளின் உள்ளே ஒரு தடித்த பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். பெட்டி காலியானதும் அதை உரித்து, மடித்து, சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். சட்டையைக் கழற்றினால் அவர் முதுகே தேயிலைப் பெட்டி மாதிரி மணக்கும்.

தாளை உதறி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்து, வெயிலில் காட்டி, பிஸ்கட் டின்னுக்குள் வட்டமாக வெட்டிப் போடுவது பெரியவனின், அதாவது பெட்டிக்காரரின், வேலை. அம்மா அடுப்பிலிருந்து தட்டை இறக்குவார். ஆறவிட மாட்டார். “சூட்டோட வை. சூடா இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசும்” என்பார். ஒரு வரிசை பிஸ்கட், மேலே ஒரு தாள், அடுத்த வரிசை, அடுத்த தாள், பிறகு மூடி. மூன்று நாள் யாரும் தொடக் கூடாது.

தங்கை ஒன்பது வயது சின்னவள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டின் எப்போதும் மூடியே அலமாரி மேல் தட்டில் இருந்தது. தாள் போடுவதை அவள் பார்த்ததில்லை. பார்த்தது எல்லாம் அண்ணன் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறியதுதான். அவன் எடுப்பான், அவள் கீழே பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேலே இருக்கிறவன் இரண்டு தின்றுவிட்டு ஒன்று போடுவான்.

“அண்ணா, எனக்கு ஒண்ணுதான் வந்திருக்கு.”

“அவ்வளவுதான் இருந்துச்சு.”

“உன் வாய் அசையுது.”

“பல்லு வலிக்குது, அதான்.”

அம்மாவுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், எண்ணிச் சுட்டவரே அவர்தானே. ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த முறை தட்டில் நாலு பிஸ்கட் அதிகம் இருக்கும். (இந்தப் பத்தியை நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் இதே மாதிரிதான் வந்தது. நினைத்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. எழுத்தில் இதுதான் ஆபத்து. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பிஸ்கட்டையே தின்றுகொண்டிருக்கலாம்.)

5

மருமகள் தோற்றதாகச் சொன்ன நாலாவது நாள் பெட்டிக்காரர் கடைத்தெருவுக்குப் போய் அரைக் கிலோ தேயிலைத் தூள் வாங்கி வந்தார். இப்போது மரப்பெட்டியும் இல்லை, உள்தாளும் இல்லை. கெட்டியான பழுப்புத் தாளை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மூடி போட்ட வாளிக்குள் தேயிலையும் தாளுமாக மாற்றி மாற்றி அடுக்கி ஒரு வாரம் வைத்தார். பெட்டி வேலையில் முதல் பாடமே இதுதான்: எதோடு எதை வைக்கிறாயோ அதன் வாசனை அதற்கு வரும். சோப்போடு பேனா நிப்பை அனுப்பினால்கூட நிப் மணக்கும்.

மருமகளைப் பிஸ்கட் சுடச் சொன்னார். ஒன்றும் போடாமல், ஓரம் கருக. சூட்டோடு வாங்கித் தாள் போட்டு அடுக்கி மூடினார். மூன்று நாள் கழித்து அவளே டின்னைத் திறந்தாள்.

“மாமா! என்ன பண்ணீங்க இத?”

“ஒண்ணும் பண்ணல. தாள் போட்டேன்.”

“தாளா? நான் மூணு வாரமா மாவுல தேடிட்டு இருக்கேன், நீங்க தாள்ங்கிறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அம்மா பிஸ்கட்டு, எனக்குத் தெரியாதா?”

அவள் டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

“அப்ப அந்தம்மா...”

“என் தங்கச்சி.”

“உங்க பையனுக்கு ஒரு அத்தை இருக்காங்களா! எட்டு வருஷமா ஒருத்தர் வாயிலயும் வரல! சரியான வீடுய்யா இது.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஏன் பேச்சு இல்ல?”

பெட்டிக்காரர் சொன்னார்: *தங்கை ஒரு தடவை அம்மாவுக்குப் பெட்டி அனுப்பினாள். பார்சல்காரன் கைநழுவ விட்டதில் பெட்டி நசுங்கிப்போனது. நசுங்கியதைக் கொடுக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். அதை அவள் தப்பாக எடுத்துக்கொண்டு*

நிறுத்துகிறேன். மருமகளிடம் இப்படித்தான் சொன்னேன், அவளும் நம்பினாள். நோட்டிலும் இப்படித்தான் எழுதினேன். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பார்சல்காரன் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். நல்லது செய்கிற இடத்தில் ‘அவர்’ அழகாக இருக்கிறார். தப்பு செய்கிற இடம் வந்ததும் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறார். மரியாதை போகட்டும். இந்த ஒன்றை நான் என்றே எழுதுகிறேன்.

6

அம்மா கடைசி வருஷம் என்னோடு இருந்தார். படுக்கைதான். தங்கை போனில் கேட்டாள், “அம்மா ரொம்ப இளைச்சுட்டாங்களாமே, என்னண்ணா குடுக்குற?” அவள் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பாள். எனக்கு எதையும் சாதாரணமாகக் காதில் வாங்கத் தெரியாது. நான் சோறு போடவில்லை என்கிறாளா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. வாசலில் வைத்துக் கையால் எடை பார்த்தேன். குலுக்கினேன், சத்தமே வரவில்லை. மூலைக்கு மூலை தாளைக் கசக்கி வைத்து, சாமான் அசையாமல் கட்டியிருந்தாள். அது நான் சொல்லிக்கொடுத்த கட்டு. ஒட்டின ஓரத்தில் வெண்ணெய் மணம். பிஸ்கட் என்று தெரிந்துவிட்டது. என் வீட்டில் அம்மாவுக்குத் தின்ன ஒன்றும் இல்லை என்று ஊருக்குச் சொல்கிறாள் இவள் என்று எனக்குப் பட்டது.

என் மனைவி அப்போது இருந்தாள். “பிரிச்சாவது பாருங்களேன்” என்றாள். பிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலால் மேலே ‘திருப்பி அனுப்பவும்’ என்று எழுதி அதே ஆளிடம் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டார், “யாருப்பா வந்தது?”

“விலாசம் மாறி வந்துட்டான்மா.”

“அப்படியா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தங்கச்சிகிட்ட இருந்து ஏதும் வரலையா?” என்றார்.

“இல்லம்மா” என்றேன்.

அதற்கப்புறம் இருபது நாள்தான் இருந்தார். இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன்.

எல்லாம் முடிந்த அன்று தங்கை என் எதிரில் வந்து நின்றாள். “அம்மா ஏண்ணா எம் பெட்டியத் திருப்பி அனுப்புனாங்க?” என்றாள். அம்மா என்று கேட்டாள். நான் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நல்லவன் என்று என்னை நினைத்திருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். “அம்மா வேணாம்னு சொன்ன வீட்டுக்கு நான் இனி எதுக்கு வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தொன்பது வருஷமாக அவள், தான் செய்து அனுப்பியதைப் பெற்ற தாயே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே அதே தாயின் பிஸ்கட்டைத் தேடுகிறாள்.

7

இப்போது அட்டைக்கு வருகிறேன். இன்று மாலை நாலு மணிக்குப் பார்சல் ஆள் வருவான். எழுதிப் பார்த்தவை:

*தேயிலைத் தாளில் சுற்றி மூன்று நாள் மூடி வைத்த பிஸ்கட்.* உண்மைதான். ஆனால் சாமானைப் பற்றிய உண்மை. என்னைப் பற்றியது இல்லை.

*தங்கச்சிக்கு அண்ணன் அன்போடு.* அன்பு என்ற சொல்லை மருமகள் தேய்த்துத் தீர்த்துவிட்டாள். எனக்கு மிச்சம் இல்லை.

*மன்னித்து* (இதற்கு மேல் பேனா ஓடவில்லை. நடிப்பு மாதிரி இருந்தது.)

மருமகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, “எனக்கு நீங்க சொன்ன பொய்யே நல்லா இருந்துச்சு மாமா” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஆனா அவங்களுக்கு இதுதான் வேணும்” என்றாள்.

முடிவு எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியும் பார்த்தேன்.

ஒன்று: தங்கை டின்னைத் திறக்கிறாள், வாசனை வருகிறது, கண் கலங்குகிறது, போன் அடிக்கிறது, அண்ணன் எடுக்கிறான். மருமகளுக்கு இதுதான் பிடித்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரு டின்னில் கரையாது.

இரண்டு: பெட்டி மூன்றாம் நாள் வாசலுக்குத் திரும்பி வருகிறது, சிவப்புப் பென்சிலோடு. இதை நான் நம்புகிறேன். எழுதவும் சுலபம். ஆனால் என்னைப் போலவே அவளும் செய்வாள் என்று எதை வைத்துச் சொல்வது? அவளை நான் அறுபத்திமூணு வயதில் பார்த்ததே இல்லை.

மூன்று: ஒன்றும் நடப்பதில்லை. அவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, “இதேதான் கண்ணு” என்று மருமகளுக்குப் பதிவு அனுப்புகிறாள். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. எழுதுகிறவனிடம் இருக்க வேண்டியது என்பார்கள். இதில் அது பெட்டி வாங்குகிறவளிடம் இருக்கிறது.

மணி மூன்றேகால். நாலு வரி வரப்போவதில்லை. அதனால் இந்தத் தாள்களையே மடித்து டின்னின் கீழே வைத்துவிடப் போகிறேன். மருமகள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே வருகிறாள். நீங்கள் படிப்பது அந்தப் படத்திலிருந்து எழுதியதாக இருக்கும். உங்களுக்கு இவ்வளவுதான். நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே இருப்பது ஒருத்திக்கு மட்டும். படித்தால் நான் என்ன தடுக்கவா முடியும், படித்துக்கொள்ளுங்கள்.

8

தங்கச்சி,

அம்மா உன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நான் காட்டவில்லை. மூன்று தடவை கேட்டார், “தங்கச்சிகிட்ட இருந்து ஏதும் வரலையா” என்று. மூன்று தடவையும் இல்லை என்று சொன்னது நான். சிவப்புப் பென்சில் என் கை. உன் மேல் அம்மாவுக்கு ஒரு கோபமும் கிடையாது, காத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதில் எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. பேச வேண்டாம், வர வேண்டாம். இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் அனுப்பு, நானே வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன். பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பு. அது அம்மாவுடையது.

இதைப் படிக்கிறாய் என்றால் பெட்டியைப் பிரித்துவிட்டாய். நான் செய்யாததை நீ செய்துவிட்டாய். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, உனக்கு எழுதத் தோன்றினால்.